பாங்காக்கில் ஒரு நாள்: பெரிய அரண்மனையா, அரச படகுகளா?

புதுவரவு: சாவோ பிரயா ஆறு, தாய்லாந்து அரச மரபு இரண்டையும் ஒரே நாளில் பார்க்கணும். பெரிய அரண்மனையா, அரச படகு அருங்காட்சியகமா? எப்படிப் போவது?

ஆற்றோரம்: படகுகள்தான். அரண்மனை 1782இல் மன்னர் முதலாம் ராமா கட்டத் தொடங்கியது, அழகுதான். ஆனால் அரசர் இன்று அங்கே குடியிருப்பதில்லை. 500 பாட் கொடுத்துக் கூட்டத்தோடு நகர்வீர்கள். படகுகள் இன்னும் அரசரைச் சுமக்கின்றன. 2024 அக்டோபர் ஊர்வலத்தில் 52 படகுகள், 2,000க்கும் மேற்பட்ட துடுப்புக்காரர்கள். அரசர் ஏறிய சுபன்னஹோங் 1911இல் நீரில் இறங்கியது. சுமார் 46 மீட்டர் நீளம், 50 துடுப்பு. பெயரைப் பிரித்தால் சுவர்ண ஹம்சம். நம் பொன்னன்னம்!

கல்தூண்: தகரக் கொட்டகைக்குள் நிற்கும் தேரைப் பார்த்துவிட்டுத் தேரோட்டம் பார்த்தேன் என்பீர்களா? துடுப்பு ஒன்றாக மேலெழுவதும், அதற்குத் தாளம் கொடுக்கும் படகுப்பாட்டும் இல்லாமல் அது மரம்தான்.

ஆற்றோரம்: நிலையில் நிற்கும் தேரில்தான் சிற்பம் தெரியும், ஓடும் தேரில் துணியும் கூட்டமும்தான். 2019 டிசம்பருக்குப் பின் அடுத்த ஊர்வலமே 2024இல்தான். அதற்காகக் காத்திருக்கச் சொல்கிறீர்களா? படகு முகப்புகளில் அனந்த நாகத்தின் ஏழு தலைகளையும், கருடன்மேல் நாராயணனையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

கல்தூண்: அரசர் குடியில்லை என்பதால் சடங்கு போய்விடாது. அரண்மனைக்குள் மரகத புத்தர் இருக்கிறார். பெயர்தான் மரகதம், கல் பச்சை ஜேடு. உயரம் 66 சென்டிமீட்டர். கோடை, மழை, குளிர் என ஆண்டுக்கு 3 முறை அரசரே உடை மாற்றுவது வழக்கம். ஆறு மட்டும் சுற்றினால் இது கிடைக்காது.

நடுத்துறை: சண்டை இருக்கட்டும், வழி சொல்கிறேன். வான்ரயிலில் சபான் தக்சின் நிலையம், இறங்கினால் கீழே சாதோர்ன் துறை. 'சுற்றுலாப் படகு' என்று கூவுகிறவர்களைத் தாண்டி ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறுங்கள், எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். துறையில் ஒரு நிமிடம்கூட நிற்காது, முன்கூட்டியே பின்பக்கம் வந்து நில்லுங்கள். அரண்மனைக்கு தா சாங் துறை. அரச படகுகளுக்கு இன்னும் மேலே, பின்க்ளாவ் பாலத் துறை.

கல்தூண்: அரண்மனை 8:30க்குத் திறக்கும், 3:30க்கு டிக்கெட் முடிந்துவிடும். கையில்லாச் சட்டை, அரைக்கால் சட்டை, கிழிந்த ஜீன்ஸ் உள்ளே போகாது. மேலே துப்பட்டா போட்டு மறைத்தாலும் திருப்பி அனுப்புவார்கள். வாசலில் எவராவது 'இன்று மூடல், டுக்டுக்கில் (ஆட்டோவில்) வேறு கோயில் காட்டுகிறேன்' என்றால் அது நகைக்கடைக்குப் போகும் வண்டி.

ஆற்றோரம்: பார்த்தீர்களா, பாதி நாள் உடைக்கும் வரிசைக்கும் போகிறது! கால்வாய்க்குள் நீள்வால் படகு (நீண்ட தண்டு மோட்டார் படகு) எடுப்பதானால் அக்டோபர், நவம்பரில் நீர்மட்டம் கேட்டுவிட்டு எடுங்கள். நீர் ஏறினால் தாழ்ந்த பாலத்தடியில் படகு நுழையாது.

நடுத்துறை: தமிழர் என்றால் அரண்மனையிலிருந்து நடக்கும் தூரத்தில் ராட்சத ஊஞ்சலும் பிராமணர் கோயிலும். அங்கே நடக்கும் 'திரியம்பாவாய்' விழாவின் பெயர் நம் திருவெம்பாவைதான். அந்த விழாவின் ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றது, தூண்கள் இருக்கின்றன.

புதுவரவு: அப்போ காலை 8:30 அரண்மனை, பிற்பகல் படகுகள்?

ஆற்றோரம்: படகை முதலில் வையுங்கள் என்றுதான் இப்பவும் சொல்வேன்.

கல்தூண்: 11 மணி வெயிலில் அரண்மனை வரிசையில் நின்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.