கயிற்றுக்கு வெளியே நின்ற கதிர்: புள்ளிவிபரவியல் படித்தவர்களை எங்கே சந்தித்தீர்கள்?

குளக்கட்டு:

பல்கலைக்கழகத் துறைகளின் சுவரில் தொலைநோக்கு, பணிக்கூற்று, விழுமியங்கள் என்று மூன்று பத்தி தொங்கும். பெயரை மறைத்துவிட்டு வாசித்தால் தாவரவியலா கணக்கியலா என்று சொல்ல முடியாது. புள்ளிவிபரவியல் படித்தவர்களையோ படிப்பிப்பவர்களையோ வன்னியில் நேரில் கண்ட கதை இருந்தால் இங்கே போடுங்கள். என்னுடையது இது.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். ஒரு மாசி மாதம், பெரும்போக வெட்டுக்கு மெஷின் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம், மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியனும் ஒரு பிள்ளையும் வந்து இறங்கினார்கள். இறுதியாண்டு ஆய்வாம். நாலு முளை, நைலோன் கயிறு, தராசு, நெல்லின் ஈரம் பார்க்கும் கருவி, ஒரு தாள். தாளில் வெறும் எண்கள். வரம்பு மூலையில் இருந்து நீளப் பக்கம் இத்தனை எட்டு, அகலப் பக்கம் இத்தனை எட்டு என்று பொடியன் எண்ணிக்கொண்டு போய் நின்ற இடம், முந்தின கிழமைதான் யானை இறங்கிய மூலை.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, உதில என்னத்தை வெட்டப் போறியள்? அங்கால நல்லா விளைஞ்சிருக்கு, அதில வெட்டுங்கோ."

"இடத்தை நான் தெரிஞ்செடுத்தா இந்தத் தாள் என்னத்துக்கு ஐயா? சேர் கொப்பியைத் திருப்பித் தந்திடுவார்."

அப்பா விடுவாரா? யானை மிதித்ததைக் கணக்கெடுத்தால் விளைச்சல் குறைவு என்று எழுதப்படும், பிறகு மானியம் அது இது என்று வரும்போது எங்கள் பக்கம் அடிபடும் என்று அவருக்குப் பயம். பொடியன் பேசாமல் முளை அடித்தான். கயிறு கட்டியதும் அந்தப் பிள்ளை குந்தி இருந்து ஓரக் கதிர்களைப் பார்த்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கதிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. நெல் தண்டைக் கையால் விலக்கி, அடி எங்கே முளைத்திருக்கிறது என்று பார்த்தாள். அடி கயிற்றுக்கு உள்ளே என்றால் வெட்டு, வெளியே என்றால் விடு. ஒரு நல்ல பருமன் கதிர், தலை முழுக்க உள்ளே, அடி ஒரு விரலளவு வெளியே. அதை வெளியே தள்ளிவிட்டாள். "பிள்ளை, அது ஒண்டுதானே" என்றார் அப்பா. அவள் சிரித்தாள், எடுக்கவில்லை.

நெடுங்கேணியான்:

குளக்கட்டு அண்ணை, அந்த ஒரு கதிருக்குப் பின்னால் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1930களின் இறுதியிலும் 40களிலும் வங்காளத்தில் சணல், நெல் விளைச்சலை மாதிரி எடுத்து மதிப்பிடும் வேலையை இந்தியப் புள்ளிவிபரவியலாளர் மகலனோபிஸ் பெரிய அளவில் செய்தார். சிறிய வட்டம் போட்டு வெட்டினால் செலவு குறைவு. ஆனால் வெட்டுபவன் தன்னை அறியாமலே ஓரத்துக் கதிரை உள்ளே இழுத்துவிடுவான். வட்டம் சிறிதாகச் சிறிதாகப் பரப்போடு பார்க்க ஓரம் அதிகம், அதனால் பிழையும் அதிகம், அதுவும் எப்போதும் கூட்டிக் காட்டுகிற பக்கமே. இன்னொரு இந்தியப் புள்ளிவிபரவியலாளர் சுகாத்மே இதை வைத்துத்தான் பெரிய துண்டு வேண்டும் என்று வாதாடினார். இலங்கையிலும் 1950களின் தொடக்கத்தில் இருந்து நெல்லுக்குப் பயிர்வெட்டு ஆய்வு நடக்கிறது.

ஒரு புசல் நெல் 46 இறாத்தல், கிட்டத்தட்ட 20.9 கிலோ. ஓரக் கதிர் ஏக்கருக்கு ஒரு புசலைக் கூட்டிக் காட்டினால் மாவட்டம் முழுவதற்கும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

என் அனுபவம் இதற்கு நேர் எதிர். யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடத்தில் ஒரு நிறுவனத்துக்குத் தகவல் சேகரிக்கப் போனேன், பெயர் வேண்டாம். வாழ்வாதார ஆய்வு. எங்களுக்குத் தந்த வீடுகளில் முக்கால்வாசி ஏ9 வீதியோரம். ஏன் என்று கேட்டால், வாகனம் மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டுமாம். ஒதியமலைப் பக்கம் ஒரு வீடும் இல்லை. அறிக்கையில் மட்டும் 'வன்னி மக்கள்' என்று போட்டார்கள். அந்த வேலைக்கு வந்திருந்தவர்களில் வவுனியா வளாகத்தில் படித்த ஒரு அக்கா மட்டும், அட்டையில் 'வீதியோர வீடுகள்' என்று மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தா. மாற்றவில்லை. அடுத்த கட்டத்துக்கு அவவைக் கூப்பிடவும் இல்லை.

கனகராயன்குளம் டீச்சர்:

2012 பங்குனியில் குடிசன மதிப்புக்கு நான் கணக்கெடுப்பாளர். பிரதேச செயலகத்தில் பயிற்சி தந்தார்கள். தறப்பாள் கூரை வீடு ஒன்று. "எத்தனை பேர் அம்மா?" "ஏழு பேர்." பெயர் பெயராக எழுதினால் ஆறுதான் வருகிறது. ஏழாவது ஆள் எங்கே என்று கேட்டேன். "வருவான்" என்றா. அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அவவே கேட்டா: "பிள்ளை, இதை ஆர் ஆரெல்லாம் பாப்பினம்?" சட்டப்படி தனியாள் விபரத்தை யாருக்கும் கொடுக்க முடியாது என்று சொன்னேன். நம்பினாவா தெரியாது, தேத்தண்ணி மட்டும் தந்தா.

விதிப்படி ஆறு பேர் என்று நிரப்பினேன். என் சொந்தக் கொப்பியில் மட்டும் பென்சிலால் 1 என்று போட்டு வைத்தேன்.

சில வருடம் கழித்து ஆசிரியர்களுக்கான ஒரு வகுப்பில் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் ஒருவரைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "படிவத்தின்ர கேள்வி என்ன டீச்சர்?" வழமையாக இங்கே வசிப்பவர் எத்தனை பேர். "அப்ப ஆறு சரி. அந்த அம்மா பதில் சொன்னது வேற கேள்விக்கு. அந்தக் கேள்விக்குப் படிவம் அடிக்கேல்லை." கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "பென்சில் அழிஞ்சிடும், பேனையால எழுதி வையுங்கோ" என்றார். அன்றிரவே எழுதினேன்.

பூங்காவீதி:

டீச்சர் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டேன்.

நான் வளாகத்தில் படித்தவன். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1997 பங்குனி 31இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், 2021 ஆவணி 1இல் வவுனியாப் பல்கலைக்கழகம். எங்கள் காலத்தில் பூங்கா வீதியில் ஒரு கட்டடம், வேறு இடத்தில் இன்னொன்று என்று சிதறிக் கிடந்தது. இப்போது மன்னார் வீதியில் பம்பைமடுவில் விசாலமான இடம். வளர்ச்சி என்று கேட்டால் எல்லோரும் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு அட்டவணை.

முதலாம் வருடம். உயர்தரத்தில் எழுமாறு மாறி, நியம விலகல் என்று தமிழில் படித்துவிட்டு வந்து 'ரான்டம் வேரியபிள்' என்றதும் முழித்துக்கொண்டிருந்த காலம். மேடம் மாவட்டச் சனத்தொகை அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தா. 1981க்கு எண் இருக்கிறது. 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் கணக்கெடுக்க முடியாத முல்லைத்தீவு, கிளிநொச்சிக்கு நேரே ஒரு சின்னக் கோடு. கணினியில் ஏற்றச் சொன்னா. எங்களில் பாதிப்பேர் கோட்டுக்குப் பதிலாக 0 அடித்தோம். வரைபு கீறினால் கோடு நேரே தரைக்கு விழுகிறது.

மேடம் அதைத் திரையில் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் புதுக்குடியிருப்புப் பொடியன் ஒருத்தன், "மேடம், 2001இல நான் அங்கதான் இருந்தனான்" என்றான். வகுப்பே சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தரவு இல்லை என்பதும் பூச்சியம் என்பதும் ஒன்றல்ல என்று எந்தப் புத்தகத்திலும் வாசிக்கலாம். எனக்கு அது அவன் குரலில்தான் கேட்கும். பிறகு 2012 கணக்கு வந்தது: முல்லைத்தீவு 92,238, கிளிநொச்சி 113,510. முல்லைத்தீவின் எண்ணைப் பார்த்ததும் அவனைத்தான் நினைத்தேன்.

நெடுங்கேணியான்:

விழுமியங்கள் என்று பேச வந்தால் பழைய அழுக்கையும் சொல்ல வேண்டும். உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியல் துறை 1911இல் லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் கார்ல் பியர்சனின் கீழ் தொடங்கியது. பரம்பரை ஆய்வு செய்த பிரான்சிஸ் கோல்டன் விட்டுப்போன பணம் அதற்குப் பின்னால் இருந்தது. நல்ல இனம், கெட்ட இனம் என்று மனிதரைத் தரம் பிரிக்கும் ஆராய்ச்சியும் அதே கூரைக்குள் வளர்ந்தது. 2020இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் இருவரின் பெயர்களையும் கட்டடங்களில் இருந்து எடுத்தது. ஆசியாவில் பார்த்தால் மகலனோபிஸ் பிரசிடென்சி கல்லூரியில் ஒரு அறையில் தொடங்கிய வேலை 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமானது, 1941இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை வந்தது. அங்கே கேள்வி வெள்ளமும் பயிரும். என்ன கேள்வியோடு தொடங்குகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை, கட்டடத்தில் இல்லை.

இசட்புள்ளி:

நான் 2011 உயர்தரம். பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி (ஒருவரின் புள்ளி சராசரியில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கு, பல்கலைக்கழக அனுமதி அதை வைத்துத்தான்) கணித்தார்களே, அந்த பட்ச். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2012இல் தனித்தனியாகத் திரும்பக் கணிக்கச் சொன்னது. இரண்டு வேறு குடிகளுக்கு, அதாவது கூட்டங்களுக்கு, ஒரே இடை (சராசரி), ஒரே நியம விலகல் (புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவு) எடுக்கக்கூடாது என்று எங்கள் கணித சேர் ஒரு கரும்பலகையில் விளங்கப்படுத்தினார். பல்கலைக்கழகம் கிடைக்குமோ என்று அழுதுகொண்டிருந்த பெட்டையள் கொப்பி எடுத்து எழுதினோம். வேறு கதை இல்லை.

புதுஆள்:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு இந்த முறை கணிதப் பிரிவு, கிளிநொச்சி மாவட்டம். பொறியியல் கிடைக்காது போல இருக்கிறது. புள்ளிவிபரவியல் பக்கம் விடலாமா? வேலை இருக்கா?

பூங்காவீதி:

அக்கா, என்னோடு படித்தவர்களில் வங்கியில், காப்புறுதியில், ஆடைத் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில், திணைக்களத்தில் எல்லாம் இருக்கிறார்கள். சிலர் ஆசிரியர். ஆங்கில மூலம் என்றதும் முதல் ஆறு மாதம் கஷ்டப்படுவா, பயப்பட வேண்டாம். விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு போடும்போது கவனம். கிளிநொச்சிக்குக் கல்வியில் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் உண்டு, வெட்டுப்புள்ளியைப் போன வருடத்தோடு மட்டும் ஒப்பிடாமல் நாலைந்து வருடத்துக்குப் பாருங்கள். ஒரு வருட எண்ணை வைத்து முடிவெடுத்தால் நாங்கள் படித்ததற்கு அர்த்தமில்லை.

குளக்கட்டு:

என் கதையில் ஒன்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பொடியன் மட்டும் திரும்பி வந்தான். ஒரு பக்கம் அச்சடித்த தாள், எங்கள் வயலின் எடை, ஈரப்பதன், யானை மிதித்த மூலை என்று ஒரு குறிப்பும். கீழே பேனையால், 'பேட்டியளித்த கமக்காரருக்கு நன்றி'. அப்பா பேட்டி எங்கே கொடுத்தார், சண்டைதான் பிடித்தார். தாள் இப்போதும் காணி பெர்மிட் பைலுக்குள் இருக்கிறது. போன மாதம் கமநல சேவை நிலையத்தில் விளைச்சல் எவ்வளவு என்று கேட்டபோது அப்பா அதைத்தான் எடுத்து நீட்டினார். அது பழைய போகம் ஐயா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.