கரைவளியா, கரைந்த ஆக்சிஜனா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்கு (dissolved oxygen) இங்கே தமிழ்ச்சொல்லாக வந்த 'கரைவளி' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். சொல்லழகில் குறையில்லை. கரைந்த வளி, கரைகிற வளி, கரையும் வளி என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. நீரில் ஆக்சிஜன் ஒருபக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் வெளியேறிக்கொண்டும் இருப்பதால் பொருளுக்கும் ஒத்துவருகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. கடலியல் கட்டுரை ஒன்றில் 'கரைவளி குறைந்தது' என்று எழுதிப் பாருங்கள். கரையோரக் காற்று ஓய்ந்துவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அதே பொருளுக்குச் சொல்லப்பட்ட 'நீர்வளி' இதைவிட மோசம். நீர் மூலக்கூறிலேயே ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறதே, பிறகு மீன் ஏன் மூச்சுத் திணற வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதே 'கரைந்த' என்ற அடைமொழிதான். நீளம்தான், ஆனால் 'கரைந்த ஆக்சிஜன்' இருந்துவிட்டுப் போகட்டும். இலங்கை வழக்கில் 'கரைந்த ஒட்சிசன்'. உயிர்வளி என்று எழுதுவோரோடும் எனக்குச் சண்டையில்லை.

உண்மையில் சொல் இல்லாமல் தவிக்கும் இடம் வேறு. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையைக் கைப்படச் செய்தவர்களுக்கு அது தெரியும். லாயோஷ் விங்க்ளர் என்ற அங்கேரிய வேதியியலர் 1888-இல் வெளியிட்ட முறை இது. குப்பியை விளிம்புவரை நிரப்பி, பிப்பெட் நுனியை நீருக்குள் அமிழ்த்தி மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட வேண்டும். குமிழி சிக்காமல் மூடித் தலைகீழாகப் புரட்டினால், பழுப்பு நிறத்தில் திரள்திரளாக வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் இல்லாத நீரென்றால் வெள்ளையாகவே நிற்கும். நான் முதல்முறை ஆழத்து நீரை எடுத்தபோது வெள்ளையை எதிர்பார்த்திருந்தேன். மூடிக்கடியில் கடுகளவாய்த் தங்கிய ஒரு குமிழி அதற்குப் பழுப்பேற்றிவிட்டது!

பழுப்பு இறங்கிய பிறகு ஆக்சிஜன் மாங்கனீசோடு பிணைந்துவிடும், எங்கும் போகாது. குப்பிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது எட்டாது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அமிலம் விட்டு, வெளிவரும் அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்கலாம், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளவறியலாம். ஸ்டார்ச்சின் நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். 200 மி.லி. மாதிரிக்கு 0.025 நார்மல் கரைசல் என்றால், செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன். சொட்டுவிடும் அளவுக்குழாயான பியூரெட்டைப் படித்தாலே விடை.

நீர் எடுத்த இடத்திலேயே செய்யும் அந்த முதல் வேலைக்கு என்ன பெயர்? 'ஃபிக்ஸ் பண்ணியாச்சா?' என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். இங்கே முன்மொழியப்பட்ட 'நிலைநிறுத்தல்' ஏற்கெனவே காற்றின் நைட்ரஜனைச் சேர்மமாக்கும் 'நைட்ரஜன் நிலைநிறுத்தலுக்கு'ப் போய்விட்டது. 'பதப்படுத்தல்' என்றால் மாதிரி கெடாமல் காப்பது என்ற பொதுப்பொருள்தான் வரும். என் முன்மொழிவு 'கட்டுதல்'. புதிதாக ஆக்கிய சொல்லும் அல்ல. சித்த மருத்துவத்தில் பாதரசம் போன்ற ஓடிப்போகும் சரக்கைத் தீக்கு ஓடாமல் செய்வதைக் 'கட்டு' என்பார்கள். இங்கே ஓடப் பார்ப்பது ஆக்சிஜன், கட்டுவது மாங்கனீசு. கட்டிய மாதிரி, கட்டாத மாதிரி, கட்டிய நேரம் என்று குப்பிச் சீட்டில் எழுதவும் வசதி. கயிறு நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அடுத்தது 'ஆக்சிஜன் அளவு'. இந்த 'அளவு' இரண்டு வேலை பார்க்கிறது, இரண்டையும் கெடுக்கிறது. கடல்மட்டத்தில் காற்றோடு சமநிலையிலுள்ள நன்னீர் 30 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் ஏற்கும். 10 டிகிரியில் 11.3. ஆக அதே 7.6 வெதுநீரில் முழு நிறைவு, குளிர்நீரில் 67 விழுக்காடுதான். மில்லிகிராமுக்குச் 'செறிவு' என்றும், விழுக்காட்டுக்குத் 'தெவிட்டு வீதம்' என்றும் பிரித்துவிடலாம். தெவிட்டிய கரைசல் பாடநூலில் உள்ளதுதானே. பாசி மிகுந்த குளத்தில் நண்பகலில் 100-ஐத் தாண்டுவதை 'மீதெவிட்டல்' எனலாம். இலங்கை நண்பர்கள் 'நிரம்பல்' என்பார்கள், அதுவும் சரிதான்.

கருவிக்கு 'ஆக்சிஜன்மானி' போதும். ஒரு குறிப்பு மட்டும்: ஆக்சிஜனை மின்னோட்டமாக அளக்கும் கிளார்க் மின்முனையின் சவ்வுக்கு மில்லிகிராம் தெரியாது, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (அந்த வளி மட்டும் தரும் அழுத்தம்) தான் தெரியும். வெப்பநிலையும் உப்புத்தன்மையும் கொண்டு மில்லிகிராமைக் கணக்கிடுவது கருவி. கடல்நீரில் உப்பைச் சொல்லாமல் விட்டால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே 'செறிவுமானி' வேண்டாம்.

ஒளிரும் சாயத்தைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கும் ஒளியுணரியில் ஆக்சிஜன் பட்டதும் சாயத்தின் ஒளிர்வு மங்குவதற்கு 'அவித்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். விளக்கை அவிப்பது என்ற பொருளில் சரிதான், ஆனால் இன்று யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள், வேகவைப்பதாகத்தான் தோன்றும். 'ஒளிர்வுத் தணிப்பு' எனக்குச் சம்மதம். 'கட்டுதல்' பற்றி, குப்பியும் பிப்பெட்டுமாய் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.