ஸ்பானியக் காலனிக் கால வாள்: எந்த ஊர்ச் சரக்கு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழைய_இரும்பு (சான் அன்டோனியோ)

ரொம்ப நாளாக ஒரு வாள் மனதை அரிக்கிறது. இங்கே ஒரு பழைய பண்ணைவீட்டில் சாமான்களை விற்றார்கள். சேணங்களுக்கு அடியில் ஒரு எஸ்பாடா அஞ்சா. குட்டையான அகல அலகு, கொம்புப் பிடி, உங்களுக்குத் தெரிந்ததுதான். வெயிலில் சாய்த்துப் பிடித்தால், கைக்காப்புக்கு அடியிலிருந்து எழுத்து கிளம்புகிறது: "ரெய் கார்லோஸ்", அதாவது மன்னர் கார்லோஸ். முன்னால் இருந்ததைக் காப்பு மறைத்துவிட்டது. பின்னால் எத்தனையாவது கார்லோஸ் என்ற ரோமன் எண் இருக்கவேண்டிய இடத்தைத் துரு தின்று ஒரே ஒரு கோடு மிச்சம். விற்றவர் அதை "முதலாம் கார்லோஸ், மெக்சிகோவைப் பிடித்த கோர்டெஸ் காலத்து வாள்" என்று சாதித்தார். மூன்றாம் கார்லோஸ் என்றேன் நான். 1759 முதல் 1788 வரை ஆண்ட அவர் பெயரைக் குதிரைப்படையின் நீள வாள்களில் பொறித்தார்கள். அப்படி ஒன்றை யாரோ எல்லைப்புறக் கொல்லர் வெட்டிக் கொம்புப் பிடி போட்டிருக்கிறார். வாதம் முடிவதற்குள் இன்னொருவர் காசைக் கொடுத்து வாங்கிப் போய்விட்டார். அலகின் மறுபக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

கடலோடி77 (சாண்டா ஃபே)

மறுபக்கத்தில் வாளுக்குப் பேர்போன ஸ்பானிய ஊர் "டொலேடோ" என்றே இருந்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் டொலேடோ கொல்லர்களின் பெயரைப் பொறித்தே அலகுகளை விற்றன. இங்கே சந்தையில் ஒரு கிண்ணக் காப்பு வாள் பார்த்தேன். "சாஹகுன்" என்று டொலேடோ கொல்லர் ஒருவரின் பெயர். சுத்த டொலேடோ என்றார் வியாபாரி. திருப்பினால் நாலே கோட்டில் ஓடும் ஓநாய், கோடுகளுக்குள் பித்தளை! ஜெர்மன் முத்திரை அது. பெயரைப் படிக்காதீர்கள், முத்திரையைப் பாருங்கள்.

மணிலாவாசி

முத்திரை, முத்திரை என்கிறீர்களே, முத்திரையே இல்லாத வாளுக்கு என்ன செய்வது? 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் இங்கே பிலிப்பைன்ஸிலும் ஆண்டது. என் மனைவி வீட்டில் இருப்பதன் காப்பு ஐரோப்பிய வடிவம், பிடி எருமைக்கொம்பு, அலகு உள்ளூர்க் கொல்லர் அடித்தது. பார்த்தவர்கள் எல்லாம் மெக்சிகோ என்றார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எலுமிச்சம்பழமும் கூடாது. ஆழமில்லாமல் பொறித்த எழுத்து முதலில் போய்விடும். மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். கொம்பில் எண்ணெய் படவேண்டாம். பிடியைக் கழற்றவும் வேண்டாம். நுனியில் அடித்து மடக்கிய இரும்பை நிமிர்த்தினால், அது முதலில் இருந்த பிடியா, பிறகு மாட்டியதா என்பதற்கான சாட்சியே போய்விடும். ஒரே பக்கமாக ஒளி அடித்துப் படம் எடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், ஈரம் பிடிக்கும்.

கள்ளிக்காடு (சொனோரா)

உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே மணிலா. பழைய_இரும்பு சொன்னதுதான் சரி. எஸ்பாடா அஞ்சா 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வடக்கு மெக்சிகோ குதிரைக்காரர்களின் வாள். கோர்டெஸ் 1519-இல் வந்து இறங்கியவர், அவர் காலத்தில் இந்த வடிவமே கிடையாது. இங்கே ஒரு பண்ணையில் பெரியவர் ஒருவர் அதை வைத்து முட்புதர் வெட்டிக்கொண்டிருந்தார். தீட்டித் தீட்டி அலகு நடுவில் உள்வாங்கியிருந்தது, கைக்காப்பை ஒட்டிய ஒரு விரல் அகலம் மட்டும் பழைய அகலத்தில். தாத்தாவின் தாத்தா உள்ளூரில் அடிக்க வைத்தது என்றார். எனக்கு அந்தச் சாட்சி போதும். கடலோடி, அந்தக் கிண்ணக் காப்பு வாளின் பிடி மரமா, கொம்பா? அதைச் சொல்லாமல் அலகை மட்டும் வைத்து ஜெர்மன் என்று முடித்துவிட்டீர்கள்.