1969 ஜாவா: சூடானால் நின்றுவிடுகிறது, சிவப்பு விளக்கும் அணைவதில்லை. எதை மாற்றுவது?

இரட்டைக்குழல் (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஜாவா 250, மைசூரில் 1969-இல் செய்தது. பதினாறு வருடம் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்தி நின்றது. போன வருடம் முழுவதும் பிரித்து, சட்டம், பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங் கொடுத்து, புது ரிங் போட்டு எழுப்பினேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஓட்டத்தான் முடியவில்லை.

காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. நத்தம் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் திக்கித் திணறி, சைலன்சரில் 'பட் பட்' என்று வெடித்து, நின்றுவிடுகிறது. எவ்வளவு உதைத்தாலும் அசையாது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து இருபது நிமிடம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

இன்னொன்று, முகப்பில் இருக்கும் சிவப்பு சார்ஜிங் விளக்கு. ஆக்சிலேட்டர் கொடுத்தால் மங்குகிறது, முழுதாக அணைவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேட்டரியை வெளியே சார்ஜ் போட வேண்டியிருக்கிறது.

இதுவரை மாற்றியவை: பிளக் மூன்று தடவை, புது 6 வோல்ட் எச்.டி. காயில் (பிளக்குக்கு உயர் அழுத்தம் தருவது), கார்புரேட்டரில் ஜெட். நாலாயிரத்துச் சொச்சம் போய்விட்டது. மெக்கானிக் இப்போது "டைனமோ போச்சு, ஆர்மேச்சர் மாத்தணும்" என்கிறார். டைனமோவுக்குள் சுற்றும் அந்தச் சுருளை மாற்றலாமா?


உதைவண்டி (திருச்சி)

முதலில் காசு செலவில்லாத வேலை. நின்றதும் டேங்க் மூடியைத் திற. காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். உன் கதை அப்படியே அதுதான்.


இரட்டைக்குழல்

பார்த்துவிட்டேன் அண்ணா. மூடியே இல்லாமல், துணி சுற்றி ஓட்டினேன். அதே இடத்தில் நின்றது.


பழைய இரும்பு (கோவை)

தம்பி, ஆர்மேச்சரைத் தொடாதே. நாற்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன் சொல்கிறேன், ஒரு பொருளை அளக்காமல் மாற்றுவது குருட்டு வேலை. நீ இரண்டு வியாதியை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாய். சார்ஜ் ஆகாததற்கும் சூட்டில் நிற்பதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்போதைக்குச் சிவப்பு விளக்கை மறந்துவிடு.

வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கொட்டகையில் வைத்துச் செய்தால் ஒன்றும் தெரியாது. பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் சொட்டு எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பிளக்கின் உடம்பை எஞ்சினில் வைத்து உதை. நீலமாக, 'டிக்' என்ற சத்தத்தோடு பொறி வந்தால் கரண்ட் பக்கம் நல்லது, கார்புரேட்டர் பக்கம் போ. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் என்னிடம் வா.

அப்புறம் வலது பக்க மூடியைக் கழற்றினால் டைனமோ நுனியில் பாயின்ட், அதாவது காயிலின் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை, தெரியும். சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாகத் திற. திறக்கிற இடத்தில் ஊசிமுனை அளவு பொறி வரலாம். வெல்டிங் மாதிரி பளீரென்று அடித்தால் கண்டன்சர் செத்துக்கொண்டிருக்கிறது. பாயின்ட் திறக்கும்போது கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் காயிலில் உயர் அழுத்தம் பிறக்கும். கண்டன்சர் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாவிட்டால் கரண்ட் பாயின்டிலேயே எரிந்து தீர்ந்துவிடும், பிளக்குக்கு மிச்சம் இருக்காது. ஜாவாவில் கண்டன்சர் டைனமோவோடு சேர்ந்து எஞ்சின் சூட்டில் வேகிறது. உள்ளே இருக்கும் காப்பு பழசானால் குளிரில் நல்லபிள்ளை, சூட்டில் கசியும்.

பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார். பாயின்டைத் திறக்கும் கேமைத் தொட்டுக்கொண்டு ஒரு ஃபெல்ட் துண்டு இருக்கும். பதினாறு வருடத்தில் அது காய்ந்து அப்பளமாகியிருக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் பாயின்டின் ஃபைபர் குதிகால் தேயும், இடைவெளி குறையும், டைமிங்கும் (பொறி விழும் நேரம்) பின்னால் போகும்.


ஓம் அக்கா (மதுரை)

ஐயா சொன்னதெல்லாம் சரி. அதற்கு முன்னால் ஒரு கேள்வி. பவுடர் கோட்டிங் கொடுத்தபோது எர்த் பிடிக்கும் (கரண்ட் உடம்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும்) இடங்களைச் சுரண்டி விட்டீர்களா?

பவுடர் கோட்டிங் என்பது பிளாஸ்டிக் போர்வை, கரண்ட் போகாது. 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் வீணானால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 6 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் ஆறில் ஒரு பங்கு போச்சு. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சாவி போட்டு, பாயின்ட் மூடிய நிலையில் மூன்று இடம் அளந்து எழுதுங்கள்: பேட்டரியின் இரு முனைகள், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயிலுக்குக் கரண்ட் வரும் முனை வரை, பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் உடம்பு வரை. பாயின்ட் திறந்திருந்தால் கரண்ட் ஓடாது, எல்லாம் நன்றாக இருப்பதாக மீட்டர் பொய் சொல்லும்.


இரட்டைக்குழல்

அக்கா, நீங்கள் கேட்டதும்தான் உறைத்தது. சுரண்டவே இல்லை. அழகு கெட்டுவிடும் என்று போல்ட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் வேறு போட்டிருந்தேன். திட்டாதீர்கள்.

பேட்டரி 6.2 வோல்ட். பிளஸ்ஸிலிருந்து காயில் வரை 0.4, மைனஸிலிருந்து எஞ்சின் வரை 0.8. அதாவது காயிலுக்குக் கிடைப்பது சரியாக 5.


ஓம் அக்கா

ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே தொலைகிறது. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் போல்ட் ஒன்றுக்கு நேராகத் தடித்த வயர் ஒன்று இழுங்கள், சட்டத்தை நம்ப வேண்டாம். 0.4 பெரும்பாலும் சாவி ஸ்விட்ச். அந்த ஆணிச் சாவி இறங்கும் குழிக்குள் பித்தளைத் தகடுகள் கறுத்துப் போயிருக்கும். பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்து முறை சாவியைப் போட்டு எடுங்கள்.


வேகத்தடை (சென்னை)

இவ்வளவு பாடு எதற்கு? செக் நாட்டு வேப் கம்பெனி இந்த வண்டிக்கென்றே 12 வோல்ட் எலக்ட்ரானிக் இக்னிஷன் செட் போடுகிறது. பாயின்ட், கண்டன்சர், டைனமோ மூன்றையும் தூக்கிப்போட்டுவிடலாம். ஹெட்லைட்டும் பளிச்சென்று எரியும்.


பழைய இரும்பு

நல்ல பொருள்தான், நானே இரண்டு வண்டிக்குப் பொருத்தியிருக்கிறேன். தினமும் வேலைக்கு ஓட்டுகிறவனுக்குத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் எர்த் இல்லாத சட்டத்தில் அதைப் போட்டிருந்தால் அதுவும் நின்றிருக்கும். அப்பாவின் டைனமோவை வைத்து ஓட்டவேண்டும் என்று பையன் ஆசைப்பட்டால் ஓட்டட்டுமே. 45 வாட் டைனமோ. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் மெதுவாக உருட்டினால் பேட்டரியைத் தின்னும், பகலில் ஓட்டினால் போதும் போதும் என்று கொடுக்கும்.


இரட்டைக்குழல்

ஞாயிறு ரிப்போர்ட். எர்த் வயர் போட்டு, ஸ்விட்ச் சுத்தம் செய்தபிறகு காயிலுக்கு 5.9 வருகிறது. ஸ்டார்ட் ஆவது இன்னும் சுலபம். சந்தோஷமாக நத்தம் சாலையில் போனேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் நின்றது! டீக்கடைக்காரர் சிரிக்கிறார்.

ஐயா சொன்னபடி அங்கேயே பார்த்தேன். பிளக்கில் மஞ்சள் நூல். பாயின்டில் பளீரென்று வெள்ளைப் பொறி. பாயின்டின் இரண்டு முகங்களில் ஒன்றில் குழி, இன்னொன்றில் மேடு. இடைவெளி 0.25-தான் இருந்தது.

ஆனால் ஒரு குழப்பம். வீட்டுக்கு வந்து கண்டன்சரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 0.21 மைக்ரோஃபாரட் காட்டுகிறது. இது நல்ல அளவுதானே?


ஓம் அக்கா

அளவு நல்லதுதான். மீட்டர் சோதிப்பது ஓரிரு வோல்ட்டில், அதுவும் ஆறிய கண்டன்சரை. பாயின்ட் திறக்கிற கணத்தில் அதன்மேல் இருநூறு முந்நூறு வோல்ட் ஏறும். எலும்பு முறிந்தவன் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இருப்பான், நிற்கச் சொல்லிப் பாருங்கள். மீட்டர் 'கெட்டது' என்றால் நம்பலாம், 'நல்லது' என்றால் நம்பக் கூடாது.


பழைய இரும்பு

அதேதான். அம்பாசடர் காருக்கு வரும் கண்டன்சர் ஒன்று வாங்கு. மதிப்பு ஏறக்குறைய இதேதான், எங்கும் கிடைக்கும். அதை டைனமோவுக்குள் திணிக்காதே. பாயின்ட் வயர் காயிலில் சேரும் முனையில் இதன் வயரைச் சேர்த்து, உடம்பை எர்த்தில் முடுக்கு, எஞ்சின் சூடு படாத இடமாகப் பார்த்து. பழைய கண்டன்சரின் வயரைக் கட்டாயம் கழற்றிவிடு. அது அங்கேயே இருந்தால் கசிந்துகொண்டே இருக்கும், புதுசு போட்டும் பலன் இருக்காது. காட்சிக்கு அதன் உடம்பு அங்கேயே இருக்கட்டும்.

பாயின்ட் செட்டையும் மாற்றிவிடு, மேடு குழி விழுந்ததை அராவி எத்தனை நாள் ஓட்டுவாய்? புதுசு போட்டதும் முகங்களைப் பெட்ரோலில் துடை, பெட்டியில் வரும்போது எண்ணெய்ப் பூச்சு இருக்கும். ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். இடைவெளி வைத்தபிறகு டைமிங் பார், முன்பின் மாற்றிச் செய்யாதே.


மைசூர்பாகு (பெங்களூரு)

பாயின்ட் செட் விஷயத்தில் ஒரு வார்த்தை. இங்கே ஜே.சி. ரோட்டில் பழைய ஸ்டாக் எப்போதாவது கிடைக்கும், சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் தேடுங்கள். 'ஒரிஜினல்' என்று அச்சடித்த அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள், அச்சடிக்க எவ்வளவு ஆகிவிடும்? கையில் எடுத்து, ஃபைபர் குதிகால் ரிவெட்டில் ஆடுகிறதா, இரண்டு முகமும் நேருக்கு நேர் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நான் மூன்று வாங்கி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுத்தவன்.


இரட்டைக்குழல்

அடுத்த ரிப்போர்ட். நத்தம் வரை போய்த் திரும்பிவிட்டேன், நிற்கவே இல்லை! வேண்டுமென்றே டீக்கடையில் நிறுத்திவிட்டுச் சூட்டோடு உதைத்தேன், முதல் உதை. ஐயா, அக்கா, இருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இனி சிவப்பு விளக்கு. இன்னும் மங்கலாக எரிகிறது. மூடியைக் கழற்றியபோது இன்னொன்றும் பார்த்தேன்: டைனமோ முழுக்கக் கறுப்பாகப் பிசுபிசுப்பு.


பழைய இரும்பு

அந்தப் பிசுபிசுப்பை மோந்து பார்த்துச் சொல். பெட்ரோல் வாடை வருகிறதா?


இரட்டைக்குழல்

வருகிறது.


பழைய இரும்பு

அப்படியானால் கிராங்கின் வலது பக்க ஆயில் சீல் போய்விட்டது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலும் ஆயிலும் கலந்தே கிராங்கறைக்கு வரும், சீல் தேய்ந்தால் டைனமோ மேல் கசியும். ரிங் மாற்றும்போது கிராங்கைப் பிரித்திருக்க மாட்டாய். பதினாறு வருடம் சும்மா நின்ற ரப்பர் கட்டையாகத்தான் இருக்கும். உன் பாயின்ட் கருகியதிலும் இதற்குப் பங்கு உண்டு.

விளக்கைப் புரிந்துகொள். அதன் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறுமுனை டைனமோப் பக்கம். இரண்டிலும் ஒரே வோல்ட் வந்தால் விளக்கில் கரண்ட் ஓடாது, அணைந்துவிடும். மங்கலாக எரிகிறது என்றால் டைனமோ உயிரோடு இருக்கிறது, ஆனால் எட்டவில்லை. ஆர்மேச்சர் செத்திருந்தால் மங்கவே மங்காது. அதனால்தான் முதலிலேயே தொடாதே என்றேன்.

கார்பன் பிரஷ்ஷை வெளியே எடு. எண்ணெயும் கார்பன் தூளும் சேர்ந்து பசையாகி, பிரஷ் கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் தள்ளினாலும் கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சர் நுனியில் இருக்கும் செம்பு வளையம்) அழுந்தாது. கூட்டைத் துடைத்து, பிரஷ் தன் எடையிலேயே வழுக்கி விழுகிறதா பார். கட்டையாகியிருந்தால் புதுசு. அதே அளவு இல்லாவிட்டால் பெரிய பிரஷ்ஷை வாங்கித் தரையில் உரசிக் குறைக்கலாம், நான் பல தடவை செய்திருக்கிறேன்.

கம்யூட்டேட்டரை நயமான உப்புத்தாளால் சுற்றித் தேய். எமரி வேண்டாம், அதன் தூள் செம்புக்கு நடுவில் புகுந்து தொல்லை கொடுக்கும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா மேலே எழும்பியிருந்தால் உடைந்த ஹேக்சா பிளேடால் சற்றே கீழிறக்கு. ஆர்மேச்சரை வெளியே எடுக்க அதற்கென்று இழுக்கும் போல்ட் உண்டு. சுத்தியல் எடுத்தால் நான் பேச மாட்டேன்.

சீலையும் அப்போதே மாற்றிவிடு, இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே கதை.


ஓம் அக்கா

முடித்தபிறகு வேகமாகச் சுற்றும்போது பேட்டரி முனையில் 7 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். எட்டை நெருங்கினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பக்கம் பாருங்கள், பேட்டரி கொதித்துவிடும்.


இரட்டைக்குழல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சீல் மாற்றியாச்சு. ஒரு பிரஷ் அப்படியே கூட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, குறடு வைத்துப் பிடுங்கவேண்டியிருந்தது. சுத்தம் செய்து, புது பிரஷ் போட்டு, சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. வேகத்தில் 7.1 வோல்ட். இந்தத் தடவை செலவு எல்லாம் சேர்த்து எழுநூற்றைம்பது. ஆர்மேச்சர் பழசேதான்.


பழைய இரும்பு

முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் பாயின்ட் இடைவெளியை மறுபடி பார். புது ஃபைபர் கேமோடு பழகும்வரை கொஞ்சம் தேயும்.


இரட்டைக்குழல்

இன்று பார்த்தேன் ஐயா. 0.4 வைத்தது 0.33 ஆகியிருந்தது. சரி செய்துவிட்டேன், டைமிங்கும் பார்த்துவிட்டேன். பவுடர் கோட்டிங்கையும் நான்கு இடத்தில் சுரண்டிவிட்டேன்.