இப்போது கையில் என்ன போர்ப் புத்தகம்? அதனால் ஏதாவது நடந்ததா?

பத்துமலை_வாசகன்:
போர் வரலாறு படிக்கிறவர்கள் இங்கே பத்துப் பேராவது இருப்பீர்கள். பட்டியல் மட்டும் போடாமல், புத்தகத்தால் ஏதாவது நடந்திருந்தால் அதை எழுதுங்கள். என்னுடையது இது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை பற்றிய தடி ஆங்கிலப் புத்தகம். போன மாதம் எல்.ஆர்.டி. ரயிலில் வரைபடப் பக்கத்தை விரித்து வைத்திருந்தேன். பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி. எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், "சயாமா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கப்பாவ அங்கதான் புடிச்சிட்டுப் போனான். நான் அப்ப அம்மா வயித்துல." அப்புறம் புத்தகத்தைக் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பக்கங்களுக்குப் போனார். பின்னால் பெயர் வரிசை இருக்குமே, அங்கே. "பேரெல்லாம் போட்டிருக்கான் போல. கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா" என்று அப்பாவின் பெயரைச் சொன்னார்.

இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விரலை வைத்துத் தேடினேன். ஜெனரல்கள், கர்னல்கள், ஆஸ்திரேலியப் படைப்பிரிவுகள். நம் ஆட்களுக்கு 'தமிழ்த் தொழிலாளர்' என்று ஒரே வரி, அதற்கு நாலு பக்க எண்கள்.

மஸ்ஜித் ஜாமெக் வந்ததும் இறங்கிவிட்டார். இல்லை பாட்டி என்று வாய்விட்டுச் சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் நகரவில்லை.

எம்டன்_பேரன்:
நான் பினாங்கு. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குப் பட்டப்பெயர் எம்டன், அதனால்தான் இந்தப் பெயர். கையில் இருப்பதும் முதல் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றிய புத்தகம்தான். வழக்கமான நாசி கண்டார் கடையில் தட்டை வைத்த பாய் அட்டையைப் பார்த்து, இது என்ன கப்பல் என்றார். எம்டன் என்றேன். "என் மாமனாரு பேர ஏன் கப்பலுக்கு வச்சான்?"

முப்பது வருடமாக மாமனாரை எம்டன் என்று திட்டுகிற மனுஷனுக்கு அது ஒரு கப்பல் என்றே தெரியாது! அதுவும் அவர் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கடலுக்கே வந்த கப்பல். 1914 அக்டோபர் 28 விடியற்காலை, மூன்று புகைபோக்கிக்குப் பக்கத்தில் பொய்யாக நாலாவது ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டுத் துறைமுகத்துக்குள் வந்தது. ரஷ்யாவின் செம்சுக் போர்க்கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது, அதன் கேப்டன் கரையில் இருக்கிறார். சில நிமிடத்தில் செம்சுக் தண்ணீருக்குள். வெளியே போகிற வழியில் பிரெஞ்சுக்காரனின் மூஸ்கே போர்க்கப்பலையும் முடித்துவிட்டு, தண்ணீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக்கொண்டு போனது.

பாய் கவனமாகக் கேட்டார். "நாலாவது புகைபோக்கி பொய்யா? அப்ப பேரு சரியாத்தான் வச்சிருக்கோம். அவரும் வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு." கடையே சிரித்தது. அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "செத்த ரஷ்யாக்காரங்கள எங்க பொதச்சாங்க?"

வெஸ்டர்ன் ரோடு கல்லறையில்தான். நினைவுக் கல்கூட இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை.

செந்தூல்_சிவா:
எம்டன் என்று இவ்வளவு எழுதிவிட்டு அதில் வந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையை விட்டுவிட்டீர்களே. நம் ஆள் என்பதாலா?

எம்டன்_பேரன்:
வரவில்லை என்பதால். எம்டன் கிளம்பியது சீனாவின் சிங்தாவிலிருந்து, 1914 ஜூலை கடைசியில். செப்டம்பர் 22-ல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அவரோ அந்தச் சமயத்தில் சூரிச்சில் இந்தியர்களுக்காகக் குழு ஆரம்பித்துக்கொண்டிருந்தார். எந்தத் துறைமுகத்தில் ஏறினார், சொல்லுங்கள்.

செந்தூல்_சிவா:
என் அப்பா சொல்லியிருக்கிறார்.

எம்டன்_பேரன்:
சரி, அவரையும் கப்பலில் ஏற்றிவிடுவோம்.

கொடிமரம்:
சண்டை முடிந்ததா? நான் படிப்பது 1941 டிசம்பர், பினாங்கு. 11-ம் தேதி குண்டு போட வந்த ஜப்பான் விமானங்களை ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், தெரியும். வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதும் தெரியும். அவர்கள் விட்டுப்போன பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து. ஊரில் படை இல்லை, குண்டு போடாதே என்று வானொலியில் சொன்னவரும் அவரே. யாழ்ப்பாணத் தமிழர், துப்பாக்கி பிடிக்காதவர்.

இதைப் படித்துவிட்டு கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போனேன். கொடிமரத்தடியில் ஒரு வழிகாட்டி, சுற்றுலா வந்த பிள்ளைகளிடம், "பிரிட்டிஷ் அதிகாரிகள் கண்ணீரோடு கொடியை இறக்கினார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணீராம். புத்தகம் என் கையில் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் விரல்கூட வைத்திருக்கிறேன். ஒரு பையன் என்னையே பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

கிள்ளான்_வாசகர்:
முதல் பதிவுக்காரருக்கு. ஆங்கிலப் புத்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படியுங்கள்.

பத்துமலை_வாசகன்:
படித்திருக்கிறேன். பாட்டி கேட்டது கதை இல்லை, பெயர். பாதை போட்ட போர்க் கைதிகளுக்குப் படையில் பெயர்ப் பதிவு இருந்தது. அதனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்குத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பல்லாயிரம் பேர். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்தவனை அப்படியே லாரியில் ஏற்றினால், அவன் பெயர் இருந்தது தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் மட்டும்தான். அதை யார் பத்திரப்படுத்தினார்கள்?

சவ்ரஸ்தா_மாடி:
என் அனுபவம் சின்னது. சவ்ரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையில் பர்மா போர் பற்றி ஒன்று வாங்கினேன். உள்ளே யாரோ உலர்ந்த ரப்பர் இலையை அடையாளம் வைத்திருந்தார்கள், இம்பால் அத்தியாயத்தில். அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் புத்தகங்களை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று யாருமே எழுதவில்லையே! நம் ஊர் ஈரத்தில் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்கக் கூடாது, காற்று போக வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் மட்டும் போதாது, அது ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். பூஞ்சணம் வந்த புத்தகத்தைத் தனியாக எடுத்து, நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் தூரிகையால் துடைக்க வேண்டும், மூக்கை மூடிக்கொண்டு. ஈரத் துணி வேண்டவே வேண்டாம். கொளுத்தும் வெயிலிலும் காயப்போடாதீர்கள், அட்டை வளைந்துவிடும். மழை நாளில் அலமாரிக் கதவைத் திறந்து வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து மூடுங்கள். வெள்ளிமீன் பூச்சிக்குத் தனியாக எழுதுகிறேன்.

கொடிமரம்:
ரப்பர் இலையைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

சவ்ரஸ்தா_மாடி:
அதை எடுத்துப் போட்டுவிட்டேன். இலை இருந்தால் பூஞ்சணம் வரும்.

எம்டன்_பேரன்:
ஞாயிறு காலை வெஸ்டர்ன் ரோடு கல்லறைக்குப் போகிறேன், பாயும் வருகிறார். மாமனாரையும் கூட்டிவரட்டுமா என்கிறார். மோட்டார் சைக்கிளில் மூணு பேர் போக முடியாது, யாராவது காடி எடுத்து வருகிறீர்களா?