டிஸ்பிளேசர் பீஸ்ட் மேல அடியே விழ மாட்டேங்குது, எங்க தப்பு பண்றேன்?

பகடைப்பித்தன்:
வணக்கம். நான் டி.எம். (கதையை நடத்தி மிருகங்களை ஆட்டுறவர்) ஆகி மூணு மாசம்தான் ஆகுது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற பகடைக் கதை விளையாட்டு (டி அண்ட் டி), அஞ்சாம் எடிஷன், 2014 புத்தகம். போன சனிக்கிழமை டிஸ்பிளேசர் பீஸ்ட்டை இறக்கினேன். ஆறு கால், தோள்ல முள்ளு வச்ச ரெண்டு டென்டக்கிளோட கருஞ்சிறுத்தை மாதிரி இருக்குமே, அது. எதிர்ல மூணாம் லெவல்ல நாலு பேர்: ஃபைட்டர் (போர்வீரன்), ரோக் (திருடன்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி). ரெண்டு மணி நேரம் மிஸ், மிஸ், மிஸ். ரோக் ஆடுற தம்பி ஒரு ஸ்னீக் அட்டாக்கூட (ரோக்கோட கூடுதல் டேமேஜ் அடி) போட முடியாம போனை நோண்ட ஆரம்பிச்சிட்டான். கிளெரிக் மட்டும்தான் தப்பிச்சு ஓடுனாங்க. சேலஞ்ச் ரேட்டிங் (மிருகம் எவ்வளவு கஷ்டம்னு காட்டுற எண்) 3-ன்னு போட்டிருக்கு. இதுவா 3?

மொட்டைமாடி டி.எம்.:
ஒரு அடி விழுந்ததுக்கு அப்புறம் அடுத்த ஆளுக்கும் டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி சின்ன எண்ணை எடுக்கிறது) குடுத்தீங்களா?

பகடைப்பித்தன்:
ஆமாண்ணே. எல்லாருக்கும், எப்பவும்.

மொட்டைமாடி டி.எம்.:
அங்கதான் கோட்டை விட்டீங்க. அது நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு மாயத்தோற்றம் காட்டும், அவ்வளவுதான் அதோட வித்தை. ஒரு அட்டாக் பட்டாலே அந்த மாயம் கலைஞ்சிடும், அதோட அடுத்த டர்ன் முடியிற வரைக்கும் திரும்பாது. நடுவுல அடிக்கிறவங்க எல்லாம் சாதாரணமா ஒரே டைஸ் உருட்டலாம்.

ஏ.சி. (அடி விழ எட்ட வேண்டிய எண்) வெறும் 13. அட்டாக் ரோல்ல +5 இருக்கிற ஆளுக்கு 100-க்கு 65 வாய்ப்பு. டிஸ்அட்வான்டேஜ்ல அது 42 ஆகுது. உங்க மேசையில கடைசி வரைக்கும் 42-லயே ஓடியிருக்கு. ரோக் பாவம், டிஸ்அட்வான்டேஜ் இருந்தா ஸ்னீக் அட்டாக் கிடையவே கிடையாது.

அதனால யார் எப்போ அடிக்கிறாங்கங்கிறது முக்கியம். மிருகத்தோட டர்ன் முடிஞ்ச கையோட முதல் அடி விழுந்தா மத்த மூணு பேருக்கும் லாபம். அதோட டர்னுக்கு ஒட்டி முன்னாடி விழுந்தா வீண். விசார்ட்கிட்ட ஸ்கார்ச்சிங் ரே மந்திரம் இருந்தா மூணு கதிர்ல ஒண்ணாவது பட 81 சதவீத வாய்ப்பு. மேஜிக் மிசைல் மந்திரம் தப்பவே தப்பாது, ஆனா அது அட்டாக் ரோல் இல்லை. டேமேஜ் ஏறும், மாயம் கலையாது.

கிளெரிக்கம்மா:
ஸ்பீடு 0 ஆனாலும் மாயம் போயிடும், அதை யாருமே கவனிக்கிறதில்லை. ஃபைட்டர் கிராப்பிள் பண்ணட்டும், அதாவது கட்டிப் பிடிச்சு ஸ்பீடை 0 ஆக்கட்டும். அது லார்ஜ் சைஸ்தான், பிடிக்கலாம். அதுக்கு ஸ்ட்ரெங்த் +4 மட்டும்தான், அத்லெடிக்ஸ் திறமை இருக்கிற ஃபைட்டர் தாராளமா மோதலாம். கிளெரிக்கோட சேக்ரட் ஃப்ளேம் மந்திரம் நல்லா வேலை செய்யும். ஆனா ஃபயர்பால் மாதிரி, தப்பிச்சாலும் பாதி டேமேஜ் குடுக்கிற மந்திரத்தை எல்லாம் அது பாதியா குறைச்சிடும், இல்ல மொத்தமா தப்பிச்சிடும்.

அது சரி, எத்தனை இறக்கினீங்க?

பகடைப்பித்தன்:
ரெண்டு. ஜோடி.

கிளெரிக்கம்மா:
அட பாவி!

மொட்டைமாடி டி.எம்.:
முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. ஒண்ணுக்கு 700 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி, சண்டையோட கஷ்டத்தை இதை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க), உங்க பார்ட்டிக்கு மீடியம் சண்டை. ரெண்டுன்னா 1400, ஜோடியா வர்றதால அதை ஒன்றரையால பெருக்கினா 2100. டெட்லி, அதாவது உயிருக்கே ஆபத்தான சண்டையோட எல்லையே 1600 தான். ஒவ்வொண்ணும் ஒரு டர்ன்ல ரெண்டு டென்டக்கிள் வீசும், ரெண்டும் பட்டா சராசரியா 20 டேமேஜ். உங்க விசார்ட்டுக்கு மொத்த உயிர்ப்புள்ளியே அவ்வளவு இருக்காது.

நிழல்வேடன்:
கதைப் பக்கமும் ஒரு வழி இருக்கு. ஃபேவைல்டுல (தேவதைகளோட மாய உலகம்) அன்சீலி சபைக்காரங்க (கொடிய தேவதைக் கூட்டம்) இதுங்களைப் பிடிச்சு, மூர்க்கம் கூடுற மாதிரி தேர்ந்தெடுத்து இனம் பெருக்கி, யூனிகார்ன் வேட்டைக்கு விட்டாங்க. அப்புறம் இதுங்க அவங்க கையை மீறிப் போயிடுச்சு. விளையாட்டுக்கே கொல்ற ஜென்மம், அதனால உடனே கொன்னு தின்னாம, விழுந்த மூணு பேரையும் உயிரோட இழுத்துட்டுப் போய் வச்சு விளையாடுதுன்னு கதையை மாத்திக்கலாம். பிளிங்க் டாக்னா (மறைஞ்சு வேற இடத்துல தோன்றுற மாய நாய்) இதுக்கு ஜென்மப் பகை. அதுல ஒண்ணு கிளெரிக்கைத் தேடி வரட்டும்.

பகடைப்பித்தன்:
நேத்து ஆடிட்டோம். ஒரே ஒரு பீஸ்ட், நாலாவது ரவுண்டுல விழுந்துச்சு, கடைசி அடி ரோக்கோடது. தம்பி போனைத் தொடவே இல்லை. இப்போ அந்த பிளிங்க் டாக்கை வளர்த்தே ஆகணும்னு நாலு பேரும் ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. அதுக்குத் தனியா வந்து கேக்குறேன்.