ஜெர்மனா, ஜப்பான் மொழியா? பாய் விற்க எதைப் படிக்கலாம்?

பத்தமடைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பத்தமடை. வீட்டில் உம்மாவும் மாமியும் பாய் நெய்கிறார்கள். பி.காம். முடித்த நான் மூன்று வருடமாக அதை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன்.

போன மாதம் ஒரு கூத்து. சென்னைக் கண்காட்சியில் எங்களிடம் பாய் வாங்கிப்போன ஒரு ஜெர்மன் அம்மா, தன் மகன் கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பெயர் போட்ட பாய் கேட்டார். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்போமே, அதே பட்டுப்பாய்தான். கோரையை நூல் மாதிரி கிழித்து, சாயம் ஏற்றி, உம்மா ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து நெய்தார்கள். போய்ச் சேர்ந்ததும் பதில் வந்தது: பாய் அருமை, ஆனால் பெயர் தப்பு. மாப்பிள்ளை பெயரில் ‘ஓ’ எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி உண்டாம். அவர் அனுப்பிய படத்தில் அது இருந்தது. நான்தான் பிரிண்டர் மை தெறித்தது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, பெரிய மனசு. ஆனால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) ஆன்லைன் வகுப்பில் சேரலாமா என்று பார்க்கிறேன். ஜப்பானில் இருந்தும் இரண்டு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அண்ணன், “இங்கிலீஷ் போதும், அந்தக் காசுக்குக் கோரை வாங்கு” என்கிறான். வியாபாரத்துக்காக வெளிநாட்டு மொழி படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜங்ஷன் ராஜா:

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. போனைக் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. அந்த ஜெர்மன் அம்மாவும் இங்கிலீஷில்தானே எழுதினார்? நல்ல பேக்கிங்குக்குச் செலவு பண்ணுங்கள். பாய் மடங்கி, ஈரம் பட்டுப் போனால் எந்த மொழியில் மன்னிப்புக் கேட்டாலும் ஒன்றுதான்.

கரிசல்காட்டான்:

ராஜா தம்பி, போன் மொழிபெயர்க்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றினால்தானே போனை எடுப்போம்? இந்தப் பிள்ளை அந்தப் புள்ளியை எழுத்து என்றே நினைக்கவில்லையே. அதை எந்தப் போனில் காட்டும்?

தாயி, நான் அவுரி இலை வியாபாரம். வைத்தியப் புத்தகத்தில் நிலாவாரை என்று இருக்கும். மழையை மட்டும் நம்பி விளைகிற சரக்கு, பேதி மருந்துக்கு வெளிநாடு போகிறது. ஐரோப்பிய மருந்து நூல்களில் அதன் காய்க்கு ‘டின்னவெல்லி’, அதாவது திருநெல்வேலி என்று நம் ஊர் பெயரையே சேர்த்து வைத்திருந்தார்கள். அவர்கள் நம் ஊர் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள், எனக்கு அவர்கள் எண் எழுதுகிற முறைகூடத் தெரியவில்லை.

முதல் ஜெர்மன் ஆர்டர். மெயில் இங்கிலீஷில்தான் இருந்தது. அளவு ‘1.500 கிலோ’ என்று போட்டிருந்தார்கள். சரி, முதலில் மாதிரி கேட்கிறார்கள் என்று ஒன்றரைக் கிலோ இலையைப் பொறுக்கி எடுத்து, லேபிள் ஒட்டி, கூரியரில் அனுப்பிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு கிலோ! ஜெர்மன்காரர்கள் ஆயிரத்துக்குப் பிறகு புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் கமா போடுவார்கள். நாம் செய்வதற்கு நேர் தலைகீழ். விவரம் தெரிந்து நான் ஓடுவதற்குள் வேறு ஒருவர் சரக்கை ஏற்றிவிட்டார். உனக்கும் புள்ளிதான், எனக்கும் புள்ளிதான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஜெர்மன் படித்தேன். இப்போதும் பேச வராது. வாயைத் திறந்தால் நம் ஊர் ராகம்தான் வரும். ஆனால் வாசிப்பேன். ஒருமுறை சரக்கு தரம் குறைவு என்று விலையை இறக்கச் சொன்னார்கள். இங்கிலீஷ் மெயிலில் ‘தரம் குறைவு’ என்று ஒரு வரிதான். கூட இணைத்திருந்த லேப் ரிப்போர்ட் முழுக்க ஜெர்மன். அதில் இருந்த அட்டவணையில் ஒரு கட்டத்தின் தலைப்பு ‘ஷ்டெங்கல்’ என்று இருந்தது. காம்பு என்று அர்த்தம். எண் கூடுதலாக இருந்தது அந்த ஒரு கட்டத்தில்தான். இலையில் குறை இல்லை, சலிப்பதில்தான் கோளாறு. களத்தில் சல்லடையை மாற்றி இன்னொரு தடவை சலிக்கச் சொன்னேன், அடுத்த லோடில் பேச்சே இல்லை. முன்னாடி என்றால் விலைக்குச் சண்டை போட்டு உறவைக் கெடுத்திருப்பேன்.

ஜப்பான் கதை வேறு. ஒரு வியாபாரி ‘கென்டோ ஷிமாஸ்’ என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று அர்த்தம் பார்த்துவிட்டு, ஆறு மாதம் சரக்கைக் குடோனில் பிடித்து வைத்தேன். இலை பச்சை போய்ப் பழுத்துவிட்டது. பிறகுதான் விளங்கியது. நம் ஊரில் பொண்ணு பார்த்துவிட்டு, “ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லுதோம்” என்று எழுந்து போவார்களே, பெரும்பாலும் அதுதான் இது. நெல்லைக்காரனுக்கு இது முதல் நாளே புரிந்திருக்க வேண்டும்!

ஜப்பான் மொழியின் வாக்கிய அமைப்பு நமக்குச் சுலபம். ‘வாதாஷி வா கோசா ஓ உரிமாஸ்’ என்றால் ‘நான் பாயை விற்கிறேன்’. சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான், வினை கடைசியில். கோசா என்றால் கோரை மாதிரி ஒரு புல்லில் நெய்கிற பாய். உன் பாயை ‘மேட்’ என்று எழுதுவதோடு அந்தச் சொல்லையும் போடு, தேடுகிறவன் கண்ணில் படும். ஆனால் எழுத்துதான் ஆளைக் கொல்லும். இரண்டு வகை அசையெழுத்து, வகைக்கு 46. அதற்கு மேல் சீன எழுத்து, அன்றாடப் பட்டியலில் மட்டும் 2136. அதனால் இப்போதைக்கு ஜெர்மன். உன்னிடம் சரக்கு வாங்கியது அவர்கள்தானே.

பாவூர்ச்சத்திரம் சந்தை:

வெளிநாடு எல்லாம் சரி, கேரள எல்லையில் இருக்கிற புளியரை தாண்டினாலே நமக்கு வேறு நாடுதான். நான் காய்கறி லோடு அனுப்புகிறவன். ஓணத்துக்கு முன்னால் கொல்லத்தில் இருந்து ஒருவர் போன் பண்ணி, தக்காளி “குறச்சு மதி” என்றார். குறைத்துக் கொடுத்தால் போதும் என்கிறார் போல என்று கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறக்கிவிட்டேன். மலையாளத்தில் ‘குறச்சு’ என்றால் கொஞ்சம். கொஞ்சம் தக்காளி போதும் என்றிருக்கிறார் மனுஷன்! அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். தமிழ் மாதிரியே இருக்கிற மொழிதான் காலை வாருகிறது. தங்கச்சி, பத்தமடைப் பாய்க்குக் கேரளாவிலும் ஆள் இருக்கும், மலையாளத்தையும் ஒரு கை பார்.

காயல்கரை:

எங்கள் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தார். சிங்களத்தில் பேசுவார், கணக்கை அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதுவார். ஹாங்காங்கில் இருக்கிற என் மச்சான் கண்டோனீஸ் பேசுவான், எல்லாம் கடையில் நின்றே படித்தது. அங்கே நன்றிக்கு இரண்டு சொல். யாராவது வேலை செய்து கொடுத்தால் ‘ம்கோய்’, பொருள் அன்பளிப்பாகக் கொடுத்தால் ‘தோச்சே’. மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பேச்சு வளரும் என்பான். வகுப்புக்குப் போங்கள், ஆனால் அது முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ஜெர்மன் அம்மாவுக்கே நாலு வரி எழுதுங்கள்.

பத்தமடைப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி (தோச்சேயா ம்கோயா தெரியவில்லை). காயல்கரை சொன்ன மாதிரி நேற்றே எழுதினேன். புள்ளி போட முடியாத இடத்தில் ‘ஓ’வுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் ‘இ’ எழுத்தைச் சேர்த்து எழுதுவது அங்கே வழக்கம்தானாம். சின்னதாக ஒரு பாய் புதிதாக நெய்து அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்.

உம்மாவிடம், புள்ளி நெய்ய முடியாவிட்டால் அந்த எழுத்தைச் சேர்த்துவிடலாம் என்றேன். உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அரபியில ஒரு புள்ளி கீழே வச்சா ‘பே’, ரெண்டு புள்ளி மேலே வச்சா ‘தே’ன்னு ஓதிக் குடுக்குறவ நான். புள்ளி எழுத்துன்னு மொதல்லயே சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?” என்றார்கள். சிவப்புக் கோரையில் இரண்டு புள்ளியும் வந்துவிட்டது, படம் நாளை போடுகிறேன்.

ஜெர்மன் வகுப்பு சனிக்கிழமை தொடங்குகிறது. அண்ணன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். கரிசல்காட்டு அண்ணாச்சி, அந்த ஷ்டெங்கல் மாதிரி பாய்க்கு வேண்டிய ஜெர்மன் சொல் நாலைந்து தெரிந்தால் போடுங்கள். ஓரம், பாவு நூல், சாயம் போகாது, ஈரத்தில் வைக்காதீர்கள், இந்த நாலும் முதலில்.